கடைசித் தொட்டி

நம் நாட்டுக் கப்பல்தான். இருபது வருடமாக நம் தளத்தில்தான் பழுது பார்த்தோம். இந்த முறை வெளிநாட்டில் மலிவு என்று உத்தரவு வந்துவிட்டது. சோதனைக்காகத் திறந்த, கப்பலின் அடியிலுள்ள தொட்டிகளை உடனே மூடிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்துவிட்டால் நாளையிலிருந்து நானூறு பேருக்கு வேலையில்லை. அவர்கள் கரையில் நின்றார்கள். அதை இழுத்துப்போக வந்த இழுவைக் கப்பல் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

மூடுவதற்கு முன் சுத்தியலால் மூன்று தட்டு தட்டுவது எங்கள் முறை. உள்ளே ஆள் இருந்தால் திருப்பி மூன்று தட்டுவான். பதில் வந்தால் மூடக் கூடாது. கடைசித் தொட்டியில் ஃபோர்மேன் பொன்னுலிங்கம் தட்டினார். பதில் வந்தது.

"யாருல உள்ள?" என்று கேட்டுவிட்டு எங்களை எண்ணினார். தொட்டியில் வேலை பார்த்த எட்டுப் பேரும் வெளியேதான் நின்றோம்.

கப்பல் கம்பெனி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாடகம் போடாதீங்க. மூடுங்க."

"சத்தம் வருதுல்லா சார். எப்படி மூடச் சொல்லுதிய?"

அதிகாரியே டார்ச்சோடு இறங்கினார். மூலை மூலையாகத் தேடிவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஏறி வந்தார். "ஒருத்தனும் இல்ல."

ஃபோர்மேன் சுத்தியலை நீட்டினார். "அப்ப நீங்களே தட்டுங்க சார்."

அவருக்கு முறை தெரியாது. ஒரு தட்டுதான் தட்டினார். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

இழுவைக் கப்பல் சங்கு ஊதியது. அதிகாரி திரும்பி எங்களை எண்ண ஆரம்பித்தார். எட்டுப் பேரும் இருந்தோம். நிறுத்தாமல், கரையில் நின்றவர்களையும் எண்ணிக்கொண்டே போனார்.