சூடு ஆறுவதற்குள்

பாட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியை இறுக்கி, கைக்குட்டையில் சுற்றி, சூடு ஆறிவிடாதபடி இடுப்பில் செருகி, மேலே வேலைக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள் நூல் வெட்டுகிறவள்.

பாட்டிலைக் கதவிடுக்கு வழியே நீட்டிய காலர் அக்கா, பிறகுதான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தாள். அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், சட்டைக் காலர் தைக்கும் லைனில் மூத்தவள் அவள். அதனால் அந்தப் பெயர்.

"ஆற விடாதே. நர்ஸ் தொட்டுப் பாப்பா" என்றாள் கையைக் கழுவிக்கொண்டே. "ஜில்லுனு இருந்தா எங்கேயிருந்து பிடிச்சிட்டு வந்தேன்னு கேப்பா."

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம் அது. கையெழுத்துப் போடுவதற்கு முன் பெண்கள் எல்லோரும் மருத்துவ அறையில் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் மேலாளர் கோபிக்க மாட்டார். நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்பார். அந்த அப்புறம் இதுவரை ஒருத்திக்கும் வந்ததில்லை.

நூல் வெட்டுகிறவளின் கணவன் வேலை பார்த்த கிடங்கை மழைக்கு முன்பே மூடிவிட்டார்கள். வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவள் இவள் ஒருத்திதான். போன மாதம் ஒருநாள் ஆணுறை கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாள் தள்ளிப்போயிற்று.

மருந்துக்கடையில் குச்சி வாங்கிப் பார்த்துவிடு என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். இவள் வாங்கவில்லை. தெரியாத வரைக்கும் காலையில் எழுந்து, தலை வாரிக்கொண்டு, வேலைக்கு வர முடிகிறது. முதல் வாரம் பயமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கால் மரத்துப்போவதுபோல மனசு மரத்துப்போயிருந்தது.

ஒரு தடவை கிழிந்தால் உடனே பிள்ளை நின்றுவிடும் என்று கட்டாயமில்லை என்பது அக்காவின் கட்சி. இரவு ஷிப்டுக்கு மாற்றினாலே நாள் தள்ளுமாம். அவள் லைனில் பாதிப் பேருக்கு அதுதான் கதையாம். ஆனாலும் எதற்கு வம்பு என்று, கேட்காமலேயே தன்னுடையதைத் தர முன்வந்தவளும் அவள்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா அக்கா?" கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"எனக்கா? நான் ஊசிக்காரிடி. பிள்ளை நிக்காம இருக்க மூணு மாசத்துக்கு ஒண்ணு. எங்க வீட்டுக்காரரும் நிம்மதி, நானும் நிம்மதி." அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "அதைப் போட ஆரம்பிச்சதுலேருந்து மாசா மாசம் வர்ற தொல்லையே கிடையாது. இந்தத் தடவை ஓவர்டைம்னு ஊசி போடப் போகக்கூட முடியல. அப்பவும் பாரு, இன்னும் வரல. அவ்வளவு பலமான ஊசி. பெரியவனுக்கு மீசை முளைச்சாச்சு, இனிமே எனக்கென்ன தொட்டிலு? போ, போ, ஆறிடப்போவுது."

மருத்துவ அறையின் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நர்ஸ் கொடுத்த கோப்பையில் பாட்டிலைக் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

நர்ஸ் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். மேஜைமேல் வைத்துக்கொண்டாள். வெளியே உட்காரச் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அடிவயிறு இழுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும் இழுத்தது. எழுந்து, தாழ்வாரத்துக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது, டீ இடைவேளைக்கு மணி அடித்து, காலர் அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டம்ளரைக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை. டீ வாசனை கொஞ்ச நாளாகப் பிடிக்கவில்லை என்று சொல்லி இவளிடம் நீட்டினாள்.

"வந்துடுச்சு அக்கா" என்றாள் இவள்.

"எது?"

"பீரியட்ஸ். இப்பதான்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி. இதைக் காலையிலேயே வரச் சொல்லக் கூடாதா? அந்தக் குட்டிப் பாட்டில் வாயோட நான் மல்லுக்கட்டினது எனக்குத்தான் தெரியும்."

நூல் வெட்டுகிறவள் சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் செய்தியைக் கேட்பதுபோல இருந்தது. டீயை மட்டும் குடித்து முடித்தாள்.

அக்கா அவள் தோளில் தட்டி, வீட்டுக்குப் போனதும் கணவனைக் கொஞ்சம் திட்டச் சொன்னாள், அப்போதுதான் அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருப்பான் என்றாள். நாளைக்குத் தங்கள் லைனுக்குப் பரிசோதனை என்றும், தனக்கு அதில் கவலையே இல்லை என்றும் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவ அறைக் கதவு திறந்தது.

நர்ஸ் நூல் வெட்டுகிறவளைக் கைகாட்டி அழைத்தாள். கூடவே எழுந்த அக்காவைப் பார்த்து, தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், மற்றவர்கள் வெளியே இருக்கலாம் என்றாள்.

நூல் வெட்டுகிறவள் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா இருக்கட்டும் சிஸ்டர். அவங்களுக்குத் தெரியாதது எங்கிட்ட எதுவும் இல்ல."

நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, இவள் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நீ முழுகாம இருக்கேம்மா."