ரேப்பர் என்னும் பணியாளர்

முதலாளி மகுடேஸ்வரன் என் பதிவேட்டின் நான்கு தாள்களையும் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

வெளியே, பனியனை மடித்துப் பாலித்தீன் உறையில் இடும் இயந்திரத்தை விற்க வந்தவர் காத்திருந்தார். நெருப்பெரிச்சலில் உள்ள எங்கள் கம்பெனியில் அவ்வேலையைக் கையால் செய்பவர் சென்னம்மாள் ஒருவரே. இயந்திரம் உள்ளே வந்தால் அவர் வெளியே செல்ல வேண்டும்.

அவர் தேவையா, தேவையில்லையா என்பதை என் பதிவேடு சொல்லிவிடும் என்று முதலாளி நம்பினார்.

அதை ஆக்கியவன் நான். இருபத்தாறு ஆண்டுகள் ஓவர்லாக் தைத்து, ஐம்பத்தோராம் வயதில் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்றுத் தேர்ந்தவன்.

எங்கள் மென்பொருளில் வெட்டு, தையல், பேக்கிங், ஏற்றுமதி என நான்கு கிளாஸ்கள் உள்ளன. தமிழில் இனக்குழு என்பர். ஒவ்வொன்றின் தலைமேலும் டெக்கரேட்டர் என்னும் ஒரு வரியை இட்டேன். அது உள்ளிருக்கும் ஒவ்வொரு செயலையும் ஓர் உறையால் மூடி, அச்செயல் நடக்குந்தோறும் நேரத்தையும் பெயரையும் பதியும். பனியனைப் பிரிக்காமலே லேபிள் தைப்பதற்கு ஒப்பானது.

அவ்வாறு மூடுகையில் செயலின் பெயர் மறைந்து உறையின் பெயரே வெளித்தெரியும் என்றும், அதைத் தடுக்க இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றும் பாடத்தில் இருந்தது. அப்பக்கத்தைத் தொட்ட நாளில் மின்தடை.

ஆகவே நான்கு தாள்களிலும் 'பெயர்' என்ற தலைப்பின் கீழ், மேலிருந்து அடிவரை ஒரே ஆங்கிலச் சொல். ரேப்பர். உறை என்று பொருள்; உறையிடுபவர் என்றும் பொருள்.

"ஏனுங்க பொங்கியண்ணா, வெட்டுனதும் ரேப்பரு, தெச்சதும் ரேப்பரு, கன்டெய்னர்ல ஏத்துனதும் ரேப்பரு. மத்தவனெல்லாம் டீக்கடையிலயா கெடந்தானுங்க?" என்றார் முதலாளி.

விளக்க வாய் திறந்தேன். பாடத்தின் பக்க எண்கூட நினைவில் இருந்தது.

அதற்குள் அவர் பேக்கிங் அறைக்குள் நுழைந்துவிட்டார். கம்பெனியில் உறையிடுபவர் ஒருவர்தானே. நானும் பின்னால் சென்றேன்.

தாள்களை நீட்டி, ஒரே நாளில் இருநூறு வேலை, அத்தனையும் நீங்கள்தானா என்று கேட்டார்.

சென்னம்மாள் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஆமாங்க. ஏனுங்க, கொறச்சலாப் போச்சுங்களா?"

இயந்திரக்காரர் தேநீர் மட்டும் அருந்திவிட்டு அவிநாசி பஸ்ஸில் ஏறினார்.

பிழை திருத்தப்பட வேண்டியதே என்பதில் எனக்கு ஐயமில்லை. திருத்தம் ஒரே வரி. ஆறு மாதங்களாக அவ்வரியை நான் எழுதவில்லை.

இக்கதையிலும் ஒரு வரியை விட்டிருந்தேன். சென்னம்மாள் என் மனைவி.