ஆறு மலாயா டாலர்கள்

“ஏம்மா, இதெல்லாம் ஏது ஒனக்கு?”

கடைக்காரர் சீனிவாசகத்தின் குரல் நகைக்கடை முழுக்கக் கேட்டது. கொலுசு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

சின்னத்தாய் அவிழ்த்து வைத்த துணி முடிச்சில் நாற்பது பழைய வெள்ளி ரூபாய்களும், கிரீடம் வைத்த ராஜா தலை போட்ட ஆறு மலாயா டாலர்களும் கிடந்தன. பழங்காசுக்கு விலை சொல்ல விருதுநகர் பஜாரில் சீனிவாசகத்தை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர் காசுகளைப் பார்க்கவில்லை. பட்டாசு மருந்து ஏறிக் கறுத்திருந்த அவளுடைய நகங்களைப் பார்த்தார்.

“எங்க மாமியாருதுங்கய்யா. அவுக அப்பாரு மலாயாவுல இருந்தவுக” என்று ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“எங்கன வேலை பாக்குற?”

அவள் ஓரமாகப் பார்த்தாள். அங்கே மெத்தை நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார் ரத்தினசாமி. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். வெள்ளிக் குத்துவிளக்கு விலை விசாரிக்க வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

சீனிவாசகம் கவனித்துவிட்டார். “அண்ணாச்சி, ஒங்க கம்பெனி ஆளா?”

“ஆமா… முன்னால. தீ விபத்துக்கப்புறம் கம்பெனி பூட்டிக் கிடக்குல்லா, இப்ப எல்லாரும் வேற வேற எடத்துல.”

“லைசென்ஸ் இன்னும் வரலையாக்கும்?”

“இந்த சீசனுக்குள்ள வந்துரும்.” ரத்தினசாமி காபியை ஒரு வாய் குடித்தார்.

சீனிவாசகம் லென்ஸைக் கண்ணில் வைத்து டாலர்களைப் புரட்டினார். “நல்ல சரக்குதான். ஆனா கூலிக்குப் போற பொம்பள கையில இது எப்படி வரும்? அண்ணாச்சி, ஒங்க வீட்டுல ஏதும் காணாமப் போயிருக்கான்னு பாத்துக்கோங்க.”

கொலுசு பார்த்த பெண்களில் ஒருத்தி தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

சின்னத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. “நான் திருடலைங்கய்யா” என்றாள். ரத்தினசாமி பக்கம் அவள் திரும்பவேயில்லை.

“எங்க வீட்டுல ஒண்ணும் காணாமப் போகல” என்றார் ரத்தினசாமி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. பிறகு மெதுவாகச் சேர்த்தார். “அதுல ரெண்டு டாலர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணாம் வருசத்துது. அதுக்குத் தனி வெலை உண்டே.”

சீனிவாசகம் மறுபடி லென்ஸ் வழியாகப் பார்த்தார். “வாஸ்தவந்தான். ஆனா நாளைக்குப் போலீஸு வந்து நின்னா நாந்தான பதில் சொல்லணும்? எல்லாத்தையும் வெறும் வெள்ளி வெலைக்குத்தான் எடுப்பேன். பன்னெண்டாயிரம். திருட்டுப் பொருள் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்க. இஷ்டம் இல்லைன்னா எடுத்துட்டுப் போ.”

ரத்தினசாமி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

சின்னத்தாய் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள்.

“இதுகள நம்ப முடியாது அண்ணாச்சி” என்றார் சீனிவாசகம். “குத்துவிளக்கக் காட்டச் சொல்லவா?”

“இன்னொரு நாள் வாரேன்.” பாதிக் காபியை வைத்துவிட்டு ரத்தினசாமி எழுந்தார்.

பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ் புறப்படத் தயாராக நின்றது. சின்னத்தாய் அதில் ஏறாமல் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். ரத்தினசாமி வேகமாக வந்தார். அருகில் வந்ததும் நடை தளர்ந்தது.

“சின்னத்தாயி…” என்றார். தலை தானாகக் குனிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.

“காசு ஒங்களதுன்னு வெளிய வரல மொதலாளி… இந்தாங்க, மொதல்ல ஒங்க பாப்பாவுக்குக் காலேஜ் பீஸக் கட்டுங்க.”