முதலாளியின் வயிற்று வலி

செங்கல் சூளை முதலாளி வேதாசலத்துக்கு நான் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். அது தீரும் வரை அவருக்கு வரும் வலியை எல்லாம் நான் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது கடன்பட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் கழிக்கிறோம்.

அவர் கறியும் சாராயமுமாக முழுங்குவார். எனக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். சித்திரை மாதம் அந்த வலி வேறு மாதிரி ஆனது. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை குத்தியது, இரண்டு நாளாக விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உன் வயித்துல ஒண்ணுமில்லப்பா. முதுகு வரைக்கும் போயி விடாம வலிச்சா காத்திருக்கக் கூடாது. வலிக்குச் சொந்தக்காரர இன்னைக்கே கூட்டிட்டு வா."

ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி அப்போதுதான் வாந்தி எடுத்திருந்தார். அந்த வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எலும்பைக் கடித்தார்.

"வலி உனக்கு, ஆஸ்பத்திரி எனக்காடா?"

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க மொதலாளி."

"லீவு வேணும்னா நேரா கேளு. என் கண்ண எதுக்கு இழுக்குற?"

மறுநாள் மத்தியானம் சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்தேன். வலி சட்டென்று நின்றுவிட்டது. எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மகன் என்னைக் கூப்பிட்டுக் கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் வலின்னா என்னன்னே தெரியாமப் போனாரு. எல்லாம் உன் புண்ணியம்."