பயன்பாட்டில் இல்லை

பழைய தாலுகா கச்சேரியை ஊர்க்காரர்கள் சேர்ந்து அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதன் மூலையில் ஓர் இரும்பு எலிப்பொறி, பிளந்த வாயோடு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: "இப்போது பயன்பாட்டில் இல்லை."

அங்கேயே குடியிருந்த சுண்டெலி ஒன்று, வரும் எலிகளுக்கெல்லாம் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டும். கடைசியாகப் பொறியின் வாய்க்குள் ஏறி உட்கார்ந்து காட்டும். பார்ப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், அரிசி மண்டி எலி ஒன்று பார்க்க வந்தது. பொறியைக் கண்டதுமே அது பின்வாங்கியது.

"கிட்ட வராதீங்க" என்றது பொறி. "நேத்து பூஜைக்காகக் காவலாளி என் துருவைத் தேய்ச்சு எண்ணெய் போட்டுட்டார். ஸ்பிரிங் இளகிடுச்சு."

பொறியின் மேல் புதுச் சந்தனப் பொட்டு. வாய்க்குள் படையல் வைத்த தேங்காய்ச் சில்லு.

"அண்ணே, போயிடலாம்ணே" என்றது மண்டி எலி.

சுண்டெலி சிரித்தது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதுல ஏறுறோம். உனக்குப் படிக்கத் தெரியாதா? அட்டையைப் பாரு."

"ஐயா, அதை எழுதினது நான் இல்லைங்க" என்று கெஞ்சியது பொறி.

சுண்டெலி வழக்கம்போல் ஏறியது.

'டப்'பென்ற சத்தத்தில் மண்டி எலி கண்ணை இறுக மூடிக்கொண்டது. இருட்டுக்குள் பொறியின் குரல் மட்டும் கேட்டது.

"காலையில என்னைத் துடைச்சு, மறுபடி வாயைப் பிளந்து வெச்சிடுவாங்க. ஓடுறதுக்கு முன்னாடி அந்த அட்டையை மட்டும் கடிச்சுக் கிழிச்சிடு தம்பி."