நலம் விசாரிப்பு

உலக நாடுகள் கூடும் அரங்கில் தொண்டு அமைப்புகளுக்குக் கடைசி வரிசை. தன் நாட்டில் காணாமல் போனவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கும் சங்கத்துக்காரி பொத்தானை அழுத்துகிறாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது. முன் நாற்காலியில் அவள் நாட்டுத் தூதர் மெல்லத் திரும்பி, பெரியப்பா மாதிரி சிரிக்கிறார். "ஏம்மா, பாப்பாவுக்குப் புது ஸ்கூல் பிடிச்சுப் போச்சா?" அதையும் மைக் வாங்கிக்கொள்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஆறு மொழிகளில், அதே கனிவோடு சொல்கிறார்கள். ஹெட்போன் மாட்டிய தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அரங்கமே புன்னகைக்கிறது. "பதில் சொல்லிட்டே ஆரம்பிங்க, பரவாயில்ல" என்று அவைத்தலைவரின் பேச்சு அவள் காதுக்குள் இதமாக இறங்குகிறது. கையிலிருக்கும் தாள் மைக்கில் உரசிச் சரசரக்கிறது. பிள்ளையைப் பள்ளி மாற்றியதை அவள் கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.