அஞ்சாவது நட்டு

அஞ்சு நட்டில் நாலு சமர்த்தாக ஏறிக்கொண்டு, கடைசி ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

தம்பிக்கு வந்தது. அதுவும் மறுநாள் காலை பந்தயத்தை வைத்துக்கொண்டு!

அக்காவும் மாமாவும் நடத்தும் கார் பட்டறையில், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய தன் காருக்கு முன்னால் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பந்தயத்துக்கென்றே அலைந்து தேடி வாங்கிய வீல்கள், முன்பக்கத்துக்கு ரெண்டு. இறகு மாதிரி எடை. நேர் ரோட்டில் ரெண்டு கார் சேர்ந்து கிளம்பி, கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும் பந்தயம் அது. கிளம்புவதில்தான் வெற்றியே இருக்கிறது.

நட்டு அசைவதாக இல்லை. காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் ஏர் கன்னை எடுத்தான்.

"வைடா கீழே!"

அக்காதான். உள்ளே கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படித்தான் தெரியுமோ!

"விரலால ஏறாத நட்டைக் கன்னால ஏத்தக் கூடாதுன்னு இந்தப் பட்டறையில சட்டம் இருக்கா, இல்லையா?"

"கொஞ்சம்தான்க்கா டைட்டு. ஒரே அழுத்து, உட்கார்ந்திடும்."

அக்கா குனிந்து பார்த்தாள். போல்ட்டுகள் துளைகளின் நடுவில் நிற்காமல் ஓரத்தில் உரசிக்கொண்டு நின்றன.

"துளைங்க அமைஞ்சிருக்கிற வட்டம் பெரிசுடா. தீக்குச்சி கனத்துக்குப் பெரிசு. எப்படி அளந்து வாங்கினே?"

"டேப் வெச்சுத்தான். இந்தத் துளையிலேருந்து எதிர்த் துளை வரைக்கும்."

"அஞ்சு துளை வீல்ல எதிர்த் துளை எங்கடா இருக்கு?"

தம்பி துளைகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். நாலு துளை என்றால் நேர் எதிரே ஒன்று இருக்கும். அஞ்சில் எதிரே இருப்பது வெறும் இடைவெளி. குத்துமதிப்பாக அளந்திருக்கிறான்.

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மாமா களுக்கென்று சிரித்தார். "ஓட்டுற வேகத்துலயே அளந்துட்டியா மாப்ளே?"

"சிரிக்காதீங்க மாமா. நாளைக்குப் பெரிய டீம்காரங்க வர்றாங்க. ஒரே ஒருத்தனைத்தான் எடுத்துக்கப் போறாங்க. பழைய வீலோட போனா கூட்டத்துல நின்னு கை தட்டிட்டு வர வேண்டியதுதான்."

"இந்த வீலோட போனா கை தட்டக் கையிருக்காது" என்றாள் அக்கா. "நட்டு சாய்ஞ்சு உட்காரும். நீ கிளப்புற இழுப்புல போல்ட் கழுத்தோட முறியும். சக்கரம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே."

"சும்மா பயம் காட்டாதே. உனக்குப் பந்தயம்னாலே ஆகாது. அதைச் சொல்லேன்!"

"ஆமா, ஆகாது. போதுமா?"

மாட்டியதைக் கழற்றி, ரெண்டு வீலையும் உருட்டிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் தள்ளினாள். பூட்டினாள். சாவி பாக்கெட்டுக்குள் போனது.

சாயங்காலம் கடை அடைப்பதற்குள் தம்பி ஊரில் ஒரு வீல் கடை பாக்கி வைக்கவில்லை. அவன் காருக்குப் பொருந்துகிற பந்தய வீல் எங்கேயும் இல்லை. அக்கா போன் செய்தபோது எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு மட்டும் ஒரு மூச்சு அழுதான்.

"உன் பொண்ணு வீலையா பூட்டினா? என் வாழ்க்கையையே பூட்டிட்டாம்மா!"

"அவ எதையாவது பூட்டினா காரணம் இருக்கும்டா. போய்ச் சாப்பிடு" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

காலையில், பழைய வீலோடாவது போய்த் தொலைவோம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

வாசலிலேயே நின்றுவிட்டான். கார் தரையில் இறங்கி நின்றது. முன்பக்கம் ரெண்டிலும் அந்தப் புது வீல்கள்!

"என்ன மாமா இது? எனக்குத்தான் சட்டமா? உங்க வீட்டுக்காரம்மா கன் போட்டு ஏத்தலாமா?"

"கத்தாதே. கழட்டித்தான் பாரேன்."

ஸ்பேனரை வைத்து ஒரு நட்டைத் தளர்த்தினான். விரலால் சுழற்றினான். பாட்டில் மூடி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, அதே மாதிரி உள்ளே போனது. அடுத்தது. அதற்கடுத்தது. அஞ்சாவதும்!

"மாமா... எப்படி?"

"வீலைத் தேடி நீ ஊர் சுத்தினே. உங்க அக்கா வேற மாதிரி யோசிச்சா. போல்ட் முளைச்சு நிக்குதே, அந்த ஹப்பையே மாத்திட்டா என்னன்னு கேட்டா. அதே கம்பெனியோட அடுத்த மாடல் கார்ல ஹப்பு ஒரு தீக்குச்சி கனம் பெரிசு. உன் வீலுக்கு அச்சு அசலா அதேதான்."

தம்பிக்குக் கண் விரிந்தது. "சாயங்காலத்துக்கு மேல எந்தக் கடை மாமா திறந்திருந்தது?"

"எல்லாத்தையும் என்னையே கேளு. முதலாளியம்மா வர்றாங்க பார்."

பின்கட்டிலிருந்து அக்கா வந்தாள். முழங்கை வரை கிரீஸ். எடை குறையட்டும் என்று தம்பி காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பக்கத்து சீட்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இதை மாட்டுடா முதல்ல."

"ஐயோ அக்கா, எடை கூடிடும்!"

"பந்தயத்துக்கு முன்னாடி கழட்டிக்கோ. யாரு வேண்டாங்கிறா?"

"அப்புறம் இப்ப எதுக்கு?"

அக்கா புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். கிரீஸ் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

"என் காரோட ஹப்பு ரெண்டும் உன் கார்ல இருக்கு. நீ ஓட்டுறதைப் பார்க்க நான் வேற எதுல வர்றது? என்னையும் கூட்டிட்டுப் போடா."